தனிமை வேண்டி ஒரு விண்ணப்பம்

ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது ஜெராக்ஸ் அல்ல, ‘இதில் என்ன எழுதட்டும்’ என்று கேட்க ஓர் ஆள். கம்பம் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் பதினோரு வருடமாக அந்த ஆளாக இருக்கிறேன். சாதிச் சான்று, பட்டா, முதியோர் உதவித்தொகை என்று போய்க்கொண்டிருந்த தொழிலில் ஒரு நாள் மலை குறுக்கே வந்து நின்றது. மலை எப்போதும் அங்கேதான் இருந்தது. அதைத் தாண்டக் காகிதம் வேண்டும் என்பதுதான் புதிது.

எங்கள் பக்கத்திலிருந்து கேரளத்துக்கு ஏற முக்கியமாக மூன்று வழி: குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. வீடு இந்தப் பக்கம், ஏலத்தோட்டம் அந்தப் பக்கம் என்று வாழ்கிறவர்கள் ஏராளம். காலையில் ஜீப்பில் ஏறிப்போய் சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். கொரோனா வந்ததும் எல்லா வழியிலும் கயிறு கட்டினார்கள். சில மாதம் கழித்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு மேசை போட்டார்கள். மேசையில் காட்ட வேண்டியவை பாஸ், பரிசோதனைச் சான்று, ஆதார். விதி வாரத்துக்கு ஒரு தடவை மாறியது. சில வாரங்களில் இரண்டு தடவை. நீங்களும் அந்த நாட்களில் ஏதோ ஒரு செக்போஸ்ட்டில் போனை உயரத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடியவராகத்தான் இருப்பீர்கள். அதனால் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பயணத்தின் நோக்கம்

விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம். அதைத் தொட்டால் மூன்று விடைகள் கீழே விழும்: திருமணம், மருத்துவ அவசரம், நெருங்கிய உறவினர் மரணம். ஏலக்காய் பழுத்து உதிர்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. புதுப்பட்டிக்காரர் ஒருவருக்கு மேலே ஐந்து ஏக்கர் ஏலம். காய் எடுக்கும் தவணை தப்பிப் போயிருந்தது. திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “இதுல எது வெரசாக் கெடைக்கும்?” என்றார். மரணத்துக்கு அன்றைக்கே கொடுத்துவிடுகிறார்கள் என்று தெரிந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

யார் மரணம் என்று அடுத்த கட்டம் கேட்டது. அம்மாவைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மாமியார் பொன்னுத்தாய் தோட்டத்து வீட்டிலேயே தங்கிச் செடிக்குக் காவலாக இருந்தார். “அவுகளையே போடுங்க, ஒண்ணும் நெனைக்க மாட்டாக” என்றார். போட்டேன். தொடர்பு எண்ணாகத் தோட்டத்து வீட்டு எண்ணையே கொடுத்தார். யாராவது கூப்பிட்டால் எல்லாவற்றுக்கும் ‘ஆமா’ சொல்லுங்கள் என்று மாமியாருக்கு என் கடையிலிருந்தே போன் செய்து சொல்லிவிட்டும் போனார்.

மறுநாள் பாஸ் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து என் கடைக்குக் கூப்பிட்டார்கள். பேசிய அலுவலர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பாஸ் கிடையாது என்றார். அன்றோடு, நடக்காததை எழுதித் தருவதில்லை என்று முடிவெடுத்தேன். தோட்டத்து எண்ணில் தான் விசாரித்தபோது அந்த அம்மாள் சொன்ன பதிலை அவர் எனக்கு வரி மாறாமல் வாசித்துக் காட்டினார்: “ஆமாய்யா, நாந்தான் பொன்னுத்தாயி. செத்தது நெசந்தான். மருமகன் வந்தாத்தான் எடுப்பாக, வெரசா அனுப்பி விடுங்க.”

பட்டியலில் இல்லாதது

முத்துப்பேச்சி வந்தது அதற்கடுத்த வாரம். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலை, கொடி கட்டும் வேலை செய்கிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கணவர் இல்லை, ஒரே மகள் கவிதா. வண்டிப்பெரியாற்றில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில், லயத்தில், வாழ்க்கைப்பட்டிருந்தாள். எட்டு மாதம் முடிந்திருந்தது. முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து முறை. ஆனால் முத்துப்பேச்சி முறையைப் பற்றிப் பேசவே இல்லை. “மருமகனுக்குத் தாயும் இல்ல, கூடப் பொறந்த பொம்பளையும் இல்ல. பக்கத்து லயத்துல இருந்தவுக எல்லாம் ஊரப் பாக்கப் போயிட்டாக. வலி கண்டா அங்கன தலையத் தாங்கிப் பிடிக்க ஆள் கெடையாது தம்பி” என்றார்.

மகளை இங்கே அழைத்து வர மருத்துவ அவசரம் என்று தேர்ந்தேன். ‘நோயின் பெயர்’ என்று கேட்டது. காலியாக விட்டால் விண்ணப்பம் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. கர்ப்பம் என்று எழுதலாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். முத்துப்பேச்சி எட்டிப் பார்த்தார். “வயித்துல புள்ள இருக்கிறது சீக்குன்னா இந்த ஊரே சீக்குல பொறந்ததுதான தம்பி. போட்டு விடுங்க.”

தயிர்

ஜெயபால் ஜீப் ஓட்டுகிறவர். விடிந்ததும் கம்பத்திலிருந்து காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போவார். அந்த மாதங்களில் அவருடைய வேலை வண்டி ஓட்டுவதைவிட, எந்தப் பெண்ணின் சான்று எப்போது காலாவதியாகிறது என்று நினைவு வைப்பதுதான். மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனைச் சான்று எழுபத்திரண்டு மணி நேரம் செல்லும். அந்த நேரம் முடிவு வந்ததிலிருந்து அல்ல, குச்சி மூக்கில் நுழைந்ததிலிருந்து தொடங்கும். முடிவு வரவே இரண்டு நாள் ஆகும்.

ஒரு நாள் ஆறு பெண்களின் சான்றுகளை அச்செடுக்க வந்தார். நான்கு சான்றுகளுக்கு அன்று மாலையோடு நேரம் முடிகிறது. ஜீப்பில் உட்கார்ந்திருந்த பெண்கள் மூக்கைத் தடவிக்கொண்டே சிரித்தார்கள். காகிதங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி ஜெயபால் சொன்னார்: “தயிரு மாதிரி இருக்கு சார். ஒறையறதுக்கு ரெண்டு நாளு, புளிக்கிறதுக்கு ஒரு நாளு.”

எந்த மலை

கவிதாவின் பாஸ் ஐந்தாம் நாள் வந்தது. முத்துப்பேச்சி காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கே மகளுக்குப் பரிசோதனை எடுத்து, சான்றும் வந்து, ஒரு நாள் மிச்சம் இருக்கும்போதே மருமகன் ஆட்டோவில் அவளைக் குமுளிக்குக் கூட்டி வந்துவிட்டார். முத்துப்பேச்சி மலையடிவாரத்தில் லோயர் கேம்ப்பில், பிளாஸ்கில் சுக்குத் தண்ணியோடு காலை ஏழு மணியிலிருந்து நின்றார்.

குமுளி மேசையில் பாஸை வாங்கிப் பார்த்தவர், நுழையும் வழி கம்பம்மெட்டு என்று இருக்கிறதே என்றாராம். வண்டிப்பெரியாற்றிலிருந்து வருகிறவர்களுக்குக் குமுளிதான் வழி. இங்கே இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் அந்த மாதம் முழுக்க என் கடைக்கு வந்தவர்கள் ஏலத்தோட்டத்து ஆட்கள். எல்லோரும் ஏறுவது கம்பம்மெட்டில். அந்தக் கட்டம் வந்தால் என் விரல் என்னைக் கேட்காமலே அங்கே போய்த் தொடும் பழக்கத்துக்கு வந்திருந்தது. கம்பம்மெட்டுக்குச் சுற்றிப் போக வேண்டுமென்றால் மலைக்குள்ளேயே இன்னும் ஒன்றரை மணி நேரம், வளைவுக்கு வளைவு குலுங்கும் சாலை. கவிதா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மருமகன் அவளை மறுபடி ஏற்றி ஆட்டோவை வந்த வழியே திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் முத்துப்பேச்சி கடைக்கு வந்தார். பிளாஸ்க் திறக்கப்படாமல் கையில் இருந்தது. பிழை என்னுடையது, தளத்துடையது அல்ல என்று சொன்னேன். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் என் வலது கையைப் பார்த்தார். “ஒங்க வெரலு போன பாதையிலேயே போகணும்னா எம்மக எந்தக் காலத்துல வந்து சேர தம்பி?”

மச்சான் வீடு

திருத்திய பாஸ் வந்தபோது கவிதாவின் சான்று புளித்துவிட்டிருந்தது. மறுபடியும் பரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்த டாக்டரம்மா அவளைப் பார்த்து, இனி மலைச் சாலையில் குலுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து முத்துப்பேச்சி வேலை முடிந்ததும் என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் ஓடைப்பட்டித் திராட்சை வியாபாரி ஒருவர் வந்தார். மறுநாள் கோட்டயத்தில் லோடு இறக்கிவிட்டுத் திரும்ப அவருக்குப் பாஸ் வேண்டும். திரும்பி வருகிறவர்கள் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். உள்ளே இருக்கிற அத்தனை பேரும் பதினாலு நாள் வெளியே வரக் கூடாது. அவருக்குத் தோட்டத்தில் பழம் வெட்ட வேண்டும். அதனால், தங்கும் முகவரியாக மச்சான் வீட்டு முகவரியைப் போட்டுத் தரச் சொன்னார். “ஸ்டிக்கர் அவன் வீட்டுல ஒட்டட்டும். அவன் சும்மாதான இருக்கான்.” நான் மறுத்துவிட்டேன். அவரே போனில் போட்டுக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து அந்த மச்சான் எனக்குப் போன் செய்தார். உள்ளே அடைபட்டிருந்ததால் நேரில் வர முடியவில்லை. விண்ணப்பம் என் கடையில்தான் போட்டது என்று நினைத்திருந்தார். இல்லை என்று நம்ப வைக்கவே பத்து நிமிடம் ஆனது. ஸ்பீக்கரில் அவர் பேசியதை பெஞ்சில் இருந்த முத்துப்பேச்சியும் கேட்டார். “எங்க அக்காளக் கட்டிக் குடுத்தோம், சீர் செஞ்சோம், மொத புள்ளைக்குத் தொட்டில் வாங்கிக் குடுத்தோம். இப்ப அவரு காய்ச்சலுக்கும் நாங்கதான் உள்ள கெடக்கணுமா சார்?”

பதினாலு நாள்

நான் போனை வைத்ததும் முத்துப்பேச்சி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்.

“இங்கன இருந்து அங்கன போறவுகளுக்கும் இதே மாதிரி உண்டா?”

இரண்டு வகை உண்டு என்றேன். வேலையாகப் போய் உடனே திரும்புகிறவர்களுக்கு ஒரு பாஸ். அவர்கள் தனிமையில் இருக்க வேண்டியதில்லை. தங்குவதற்குப் போனால் பதினாலு நாள். எல்லோரும் முதல் வகையைத்தான் கேட்பார்கள். இரண்டாவது வகைக்கு நான் அதுவரை ஒன்றுகூட நிரப்பியதில்லை.

“தங்கப் போனா யாரு கூட இருக்கணும்?”

“எந்த வீட்டுக்குப் போறீகளோ அந்த வீட்டுல இருக்கிறவுக கூட. அவுகளும் வெளிய வரக் கூடாது யக்கா.”

“நானும் வரப்படாது, எம்மகளும் வரப்படாது.”

“ஆமா.”

முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. பத்து நாளில் முதல் தடவையாக அதில் சிரிப்பைப் பார்த்தேன்.

விண்ணப்பத்தை அன்றே போட்டோம். கேரளத் தளத்தில் நோக்கத்துக்கு ‘மற்றவை’ என்று ஒரு கட்டம் இருந்தது. பக்கத்தில் எழுத இடமும் விட்டிருந்தார்கள். கர்ப்பிணி மகளுக்குத் துணை என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். நுழையும் வழியை உரக்கப் படித்து, அவரையும் ஒரு தடவை சொல்லச் சொல்லி, அதன் பிறகே தொட்டேன். இருமல் வந்துவிடக் கூடாதென்று அவர் மருந்தடிக்கும் தோட்டத்துப் பக்கம் போவதையே நிறுத்தினார். அங்கே சுகாதாரப் பணியாளர் ஒரு சேச்சி லயத்துக்கு வந்து, முன்னறையில் அம்மா, உள்ளறையில் மகள், நடுவில் கதவு, மருமகன் நண்பர் வீட்டில் என்று எழுதிக்கொண்டு போனார். வீட்டில் தனித்தனி அறை இருக்கிறதா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததை அறிந்து முத்துப்பேச்சி சொன்னார்: “கதவு இருந்தா என்ன தம்பி? கூப்புட்டா கேக்கும்ல.”

மேசைக்கு முன்னால்

பரிசோதனை முடிவு இரண்டு நாள் கழித்து, இருபது மணி நேரம் மிச்சம் வைத்து வந்தது. நோய் இல்லை. ஜெயபால் அன்று கம்பம்மெட்டுக்குப் போகாமல் குமுளிக்கு வண்டியைத் திருப்பினார். கடையைப் பூட்டிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். நான் போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காகிதம் மேசையைத் தாண்டுவதைக் கண்ணால் பார்க்காமல் என்னால் அடுத்த விண்ணப்பத்தை நிரப்ப முடியாது என்று தோன்றியது.

முத்துப்பேச்சியிடம் இரண்டு பை. ஒன்றில் பழைய பருத்திச் சேலைகள், துவைத்து மடித்தவை, பிள்ளையை ஏந்துவதற்கு. இன்னொன்றில் சுக்கு, மிளகு, பூண்டு, கருப்பட்டி. மிளகு விளைகிற ஊருக்கே மிளகு கொண்டு போகிறீர்களே என்று ஜெயபால் கேலி செய்தார். “வெளிய போயி வாங்கப்படாதுல்ல” என்றார் முத்துப்பேச்சி.

மேசையில் இருந்த பெண் பாஸைப் படித்தார். நுழையும் வழியில் விரல் வைத்து ஒரு நொடி நின்றார். பிறகு நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்துச் சூடு பார்த்தார், கையில் ஒரு முத்திரை வைத்தார். தங்கப் போகிறவர்களிடம் எப்போதும் சொல்வதையே, பதினாலு நாள் வெளியே இறங்கக் கூடாது என்று, மலையாளத்தில் அவரிடமும் கண்டிப்பாகச் சொன்னார்: “அம்மே, பதினாலு திவசம் புறத்து இறங்கான் பாடில்லா, கேட்டோ?” முத்துப்பேச்சி இரண்டு பையையும் தூக்கிக்கொண்டார். “எறங்க மாட்டேன் தாயி. அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

பன்னிரண்டாம் நாள்

மற்றது போனில் கேட்டது. பன்னிரண்டாம் நாள் காலை கவிதாவுக்கு வலி கண்டது. இரண்டாவது தடவை கூப்பிடுவதற்குள் முத்துப்பேச்சி நடுக்கதவைத் திறந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை மகள் தலையை மடியில் வைத்திருந்தார். ஆம்புலன்ஸில் அவரை ஏற்றவில்லை. தனிமைக் காலம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. வாசற்படியைத் தாண்டி ஒரு காலை வைத்தவர் அதை உள்ளே எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு நாள் எங்கே போனது என்று எனக்குத் தெரியும்: பரிசோதனை முடிவு உறைவதற்கு எடுத்துக்கொண்ட இரண்டு நாள். அதற்கும் முன்னால் போன நாட்கள் என் விரலால் போனவை.

தினமும் வாசலில் நின்று சூடு பார்த்துப் போகும் சேச்சி அப்போது அங்கே நின்றுகொண்டிருந்தார். முத்துப்பேச்சி பழைய சேலை இருந்த பையை அவர் கையில் கொடுத்தார். சேச்சி வாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறிவிட்டார். மத்தியானம் பெண் குழந்தை. அந்தச் சேலையில்தான் சேச்சி முதலில் ஏந்தினாராம். மூன்றாம் நாள் தாயும் பிள்ளையும் லயத்துக்கு வந்தபோது கதவில் இருந்த ஸ்டிக்கரை மருமகன் கிழித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் பொறுத்து நானே கூப்பிட்டேன். ஊருக்குத் திரும்பப் பாஸ் போடவா என்று கேட்டேன். குழந்தை அழுவது கேட்டது. கூடவே யாரோ பூண்டு நசுக்கும் சத்தம். “பொறுங்க தம்பி. என் பதினாலு முடிஞ்சிருச்சு. இனிமே பச்ச ஒடம்புக்காரியும் புள்ளையும் முப்பது நாளு வெளிய வரப்படாது. இதுக்கு எந்த ஆபீஸ்லயும் கேக்க வேணாம்.”

அந்த வருடம் தனிமையிலிருந்து தப்பிப்பதற்காக என் கடையில் நிரப்பிய விண்ணப்பங்களின் நகல் ஒரு அலமாரி நிறையக் கிடக்கிறது; தனிமை வேண்டும் என்று கேட்டு எழுதியது ஒன்றே ஒன்று, நான் ஒரு கட்டம்கூடத் தப்பாமல் நிரப்பியதும் அது ஒன்றுதான்.